மணிமுத்தாற்றிலிருந்து ஹைகிரவுண்டு வரை



மலர்க்குழுவினர் வீடு தேடி வந்து, "சார், பழைய நினைவுகளை வைத்து ஒரு கட்டுரை வேணும்" என்று கேட்டார்கள். ஹாஸ்டல் சாம்பாரையும் விலங்கியல் ஆய்வகத்துத் தவளைகளையும் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் எண்ணியிருந்தேன். அதற்குள் ஒரு தாயார் வந்து என் திட்டத்தை மாற்றிவிட்டார்.

மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலை பறித்தவர் அவர். 2024ல் எஸ்டேட் வேலை நின்று குடும்பங்கள் மலையிறங்கியபோது மணிமுத்தாற்றுக்கு வந்து வாடகை வீட்டில் இருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். ஓய்வுபெற்ற வாத்தியார் என்று யாரோ சொல்ல, கல்லிடைக்குறிச்சியில் என் வீட்டுத் திண்ணைக்கு இருவரும் வந்து சேர்ந்தார்கள்.

"சார், இவ டாக்டருக்குத்தான் படிப்பேங்கா. மலையிறங்கும்போது கையில கொஞ்சம் பணம் வந்துச்சு. இங்கிலீஷ் மீடியம் பிரைவேட் ஸ்கூல்ல சேத்துட்டா சீட்டு கிடைச்சிருமா? சொல்லுங்க, நாளைக்கே சேத்துருதேன்."

"நாளைக்கு வேண்டாம்மா, ஒரு வாரம் பொறுங்க" என்றேன். ஏனென்றால் அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. அதற்குப் பின்னால் எழுபது ஆண்டு வரலாறு இருக்கிறது. அதில் நம் கல்லூரிக்கும் பங்கு உண்டு. அடியேனுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மருத்துவக் கல்லூரி இல்லாத தெற்கு

நம் பாட்டனார் காலத்தில் டாக்டருக்குப் படிப்பது என்றால் சென்னைக்குப் போவது என்று அர்த்தம். சென்னை மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் 1835ல் ஏற்பட்ட மருத்துவப் பள்ளி. ஸ்டான்லி 1938ல் கல்லூரியானது. 1951ல் ஆந்திரப் பகுதியும் சேர்ந்திருந்த பழைய சென்னை மாகாணம் முழுமைக்கும் அரசு மருத்துவக் கல்லூரிகள் நான்கு, இடங்கள் 330. அந்த நான்கில் இரண்டு சென்னையில், மற்ற இரண்டும் விசாகப்பட்டினத்திலும் குண்டூரிலும். சென்னைக்குத் தெற்கே ஒரு அரசு மருத்துவக் கல்லூரிகூட இல்லை.

இருந்த இடங்கள் 'கம்யூனல் ஜி.ஓ.' என்ற வகுப்புவாரி ஆணைப்படி பங்கிடப்பட்டன. 14 இடம் வந்தால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. இதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் தொடுத்த வழக்கும் ஒரு மருத்துவக் கல்லூரி இடத்தைப் பற்றியதுதான். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பிற்பட்டோருக்குக் கல்வியில் இடஒதுக்கீடு செய்ய வழி பிறந்தது. ஆக, இந்திய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு ஒரு காரணமே சென்னை மாகாணத்து மருத்துவக் கல்லூரி சீட்டு! இன்றும் ஜூன், ஜூலை மாதங்களில் நம் வீடுகளில் தூக்கம் கெடுவதில் வியப்பில்லை.

அணையும் பி.யு.சி.யும்

1954ல் மதுரையிலும், 1965ல் நம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டிலும் மருத்துவக் கல்லூரிகள் வந்தன. இடையில் 1956 வாக்கில் இரண்டாண்டு இண்டர்மீடியட் போய், ஓராண்டு பி.யு.சி. வந்தது. பள்ளியில் பதினோரு ஆண்டு எஸ்.எஸ்.எல்.சி., பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி., அதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து வாங்கும் மார்க்கை வைத்து மருத்துவக் கல்லூரி. அமெரிக்காவில் இருக்கும் நம் நண்பர்கள் தங்கள் பிள்ளைகளின் 'பிரி-மெட்' பற்றிப் பேசுவார்கள். அங்கே நாலு வருடப் பட்டப்படிப்பை முடித்து, எம்கேட் தேர்வு எழுதித்தான் மருத்துவம். நமக்கு அந்த நாலு வருடம் ஒரே வருடமாகச் சுருங்கி, நம் கல்லூரியின் பி.யு.சி. வகுப்பறையில் நடந்தது. மருத்துவக் கல்லூரியின் வாசல் ஹைகிரவுண்டில் இருந்தாலும், அதற்கான வரிசை நம் கல்லூரியில்தான் தொடங்கியது.

அதே காலத்தில்தான் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது மணிமுத்தாறு அணை எழுந்தது. 118 அடி. அணை வேலைக்கு வந்த எத்தனையோ பேரில் என் தந்தையாரும் ஒருவர். வேலை முடிந்த பிறகு பொதுப்பணித்துறையில் லஸ்கராக அங்கேயே தங்கிவிட்டார். பெருங்கால் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை. நான் அந்தத் தண்ணீரில் வளர்ந்தவன். பள்ளிக்குக் கல்லிடைக்குறிச்சி. 1969ல் எஸ்.எஸ்.எல்.சி. தேறி, செங்கோட்டைப் பாசஞ்சரில் ஏறி, தகரப் பெட்டியுடன் நம் கல்லூரிக்கு வந்து சேர்ந்தேன்.

பள்ளியில் எல்லாம் தமிழில் படித்தவன். இங்கே முதல் நாளே 'அமீபா'வைத் தவிர ஒரு சொல்லும் விளங்கவில்லை. பத்து மாதத்தில் பாடத்தையும் படிக்க வேண்டும், அது இருந்த மொழியையும் படிக்க வேண்டும். விளங்கிக்கொள்ளும்போது தேர்வு வந்துவிட்டது. மதுரைப் பல்கலைக்கழகத் தேர்வு அது. ஆனாலும் நல்ல மார்க்தான். விருப்பப் பாடங்களின் 200க்கு 150ஐத் தாண்டியிருந்தேன். விண்ணப்பம் போட்டேன். நேர்முகத் தேர்வுக்குக் கார்டும் வந்தது.

தாமிரபரணி சர்டிபிகேட் கொடுக்காது

1970ல் மருத்துவக் கல்லூரித் தேர்வு எப்படி நடந்தது என்பது இன்றைய மாணவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. பாட மார்க் 200, நேர்முகத் தேர்வுக்கு 75. அந்த 75ம் ஐந்து தலைப்புகளில்: விளையாட்டு அல்லது என்.சி.சி., பிற சமூகப் பணிகள், உடற்கட்டும் தாங்கும் திறனும், பொதுத் திறமை, நாட்டம்.

இப்படி ஐந்து தலைப்பு இருப்பதே நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

"என்.சி.சி. உண்டா தம்பி?"

"இல்லை சார்."

"ஸ்போர்ட்ஸ் ஏதாவது?"

"நீச்சல் தெரியும் சார். ஆத்துல வெள்ளம் போகும்போதே அக்கரைக்குப் போயிட்டு வருவேன்."

சிரித்தார்கள். பழிப்பாகச் சிரிக்கவில்லை, அன்பாகத்தான் சிரித்தார்கள். "சர்டிபிகேட் இருக்கா?" என்றார் ஒருவர். தாமிரபரணி யாருக்குச் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறது?

நம் கல்லூரி மைதானத்தில் சனிக்கிழமைதோறும் என்.சி.சி. பரேடு நடக்கும். எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் சனிக்கிழமை ஊருக்குப் போனால் அம்மா அரிசி, எண்ணெய் என்று கொடுத்துவிடுவாள், ஹாஸ்டல் செலவில் கொஞ்சம் மிச்சப்படும் என்று பாசஞ்சரைப் பிடித்துவிடுவேன். பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. அப்பா அன்று மடையடியில் இருந்தார். விவரத்தைக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்:

"எய்யா, அந்தப் பரேடுக்கு மார்க் உண்டுன்னு உனக்கு ஒருத்தருமா சொல்லல?"

அந்தக் கேள்வியை அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். நண்பர்களே, இந்தக் கட்டுரையின் சாரமே அதுதான்.

அதே 1970ல் பெரியகருப்பன் என்ற மாணவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தத் தேர்வுமுறையைக் கண்டித்தது. நேர்முகத் தேர்வில் தலைப்புவாரியாக மார்க் போடாமல் மொத்தமாகப் போட்டது சரியல்ல, கல்லூரிகளை யூனிட் யூனிட்டாகப் பிரித்து, ஒரு யூனிட்டில் குறைந்த மார்க்குக்கு இடமும் இன்னொரு யூனிட்டில் கூடின மார்க்குக்கு இடமில்லாமையும் ஏற்படுவது சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு. அதை நம் கல்லூரி நூலகத்தில், பி.எஸ்ஸி. விலங்கியல் முதலாண்டு மாணவனாகப் பத்திரிகையில் படித்தேன். மகிழ்வதா வருந்துவதா என்று புரியவில்லை.

ஊருக்கு ஒதுக்கிய பங்கு

இதற்கு முன்பே 1968ல் ராஜேந்திரன் வழக்கில், மாவட்டத்தின் ஜனத்தொகைக்கு ஏற்ப இடங்களைப் பங்கிட்டதையும் உச்ச நீதிமன்றம் தள்ளியிருந்தது. 1990களின் பிற்பகுதியில் கிராமப்புறப் பள்ளி மாணவர்களுக்கு 15 சதவீதம் ஒதுக்கினார்கள். அதுவும் பின்னர் உயர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. மாவட்டம், யூனிட், கிராமம் என்று மூன்று முறை மூன்று பெயரில் முயன்றார்கள். 'இவன் தூரத்து ஊர்க்காரன்' என்ற காரணம் மட்டும் போதாது என்று மூன்று முறையும் விடை வந்தது. சட்டத்தின் பார்வையில் அதற்கு நியாயம் இருக்கலாம். மணிமுத்தாற்றிலிருந்து பார்த்தால் தூரம்தான் முதல் பரீட்சை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கல்லூரியை விட்டுப் போன வாசல்

எம்.எஸ்ஸி. முடித்து 1976ல் நம் கல்லூரியிலேயே ஆசிரியனாகச் சேர்ந்தேன். ஹைகிரவுண்டுக்குப் போக முடியாதவன், போகிறவர்களுக்குப் பாடம் சொல்லலானேன். அதிலும் ஒரு நிறைவு இருந்தது. ஆனால் இரண்டே ஆண்டு! 1978ல் மேல்நிலைக் கல்வி வந்தது. பி.யு.சி. கல்லூரியிலிருந்து பெயர்ந்து பிளஸ் டூவாகப் பள்ளிகளுக்குப் போனது. 1980ல் முதல் பிளஸ் டூ பொதுத் தேர்வு.

கொள்கை நல்லது. பிள்ளை பதினாறு வயதில் தகரப் பெட்டியைத் தூக்க வேண்டாம், பக்கத்துப் பள்ளியிலேயே படிக்கலாம். ஆனால் எங்கள் ஆய்வகங்களில் இருந்த மைக்ராஸ்கோப்பும் ஆசிரியர்களும் அந்தப் பள்ளிகளுக்குக் கூடவே போய்விடவில்லை. உயிரியலுக்கு ஆசிரியர் இல்லாத பள்ளிகள் இருந்தன. நல்ல ஆய்வகமும் நிரந்தர ஆசிரியர்களும் உள்ள பள்ளிகள் பாளையங்கோட்டையிலும் அம்பையிலும் இருந்தன. வாசல் பள்ளிக்குப் போனதும் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் விதியாகிவிட்டது.

1984ல் நுழைவுத் தேர்வு வந்தது. பிளஸ் டூவில் உயிரியலுக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குச் சேர்த்து 100, நுழைவுத் தேர்வுக்கு 100, ஆக 300. அரைப்புள்ளி, கால்புள்ளியில் இடம் போகும். நுழைவுத் தேர்வுப் பயிற்சி என்ற புதுத் தொழிலும் கூடவே பிறந்தது. மார்ச் மாதம் பொதுத் தேர்வு முடிந்த மறுநாள் வசதியுள்ள பிள்ளைகள் மதுரைக்கும் சென்னைக்கும் பஸ் ஏறுவார்கள். மணிமுத்தாற்றுப் பிள்ளைகள் அருவிக்குக் குளிக்கப் போவார்கள். பொதுத் தேர்வோடு கதை முடிந்தது என்று நினைத்தவர்கள்தான் அதிகம். மறுபடியும் அதே கதை: ஒருத்தருமா சொல்லல?

2006ல் சட்டம் இயற்றி, 2007 முதல் நுழைவுத் தேர்வை நீக்கினார்கள். இனி பிளஸ் டூ மார்க் மட்டும் என்றதும் எல்லாரும் நிம்மதியடைந்தோம். ஆனால் அதற்குள் நாமக்கல் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் பெயர் பெற்றுவிட்டன. அங்கே பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கி, இரண்டு வருடம் அதையே ஓட்டுவார்கள். கட் ஆஃப் 200ஐ நெருங்கியது. அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்களை விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நுழைவுத் தேர்வு இல்லாத அந்தப் பத்தாண்டும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பொற்காலம் அல்ல.

இதற்கிடையே கல்லூரிகள் பெருகின. 2000களின் தொடக்கத்தில் தூத்துக்குடியிலும் நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்திலும், 2022ல் விருதுநகர் உட்பட ஒரே நாளில் பதினோரு மாவட்டங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. சென்னைக்குத் தெற்கே ஒன்றுமில்லாத 1951ஐ நினைத்துப் பார்த்தால் இது சிறிய சாதனை அல்ல.

நீட்

2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் கட்டாயமானது. 720 மார்க், ஒரே நாள். பிளஸ் டூ மார்க்கை வைத்துத் தேர்வு செய்யும் முறை ஒரே ஆண்டில் மாறியது. அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா 1200க்கு 1176 வாங்கியவர். பழைய முறையில் அவருக்கு இடம் நிச்சயம். நீட்டில் முடியவில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லாமல் 2017 செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டார். அன்று நான் எழுதும் மேஜை முன் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆட்டத்தின் நடுவில் விதி மாறினால் முதலில் விழுவது யார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. பிள்ளைகளே, ஒரு சீட்டு உங்கள் உயிரைவிடப் பெரிதல்ல. மருத்துவம் கிடைக்காத நான் முப்பத்தைந்து ஆண்டு நிறைவாகப் பணிசெய்து ஓய்வுபெற்றவன்.

நீட் விலக்குக் கோரி 2021லும், மீண்டும் 2022லும் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. நீட் நல்லதா கெட்டதா என்று நம் சங்கத்திலேயே இரண்டு கட்சி உண்டு. அந்தப் பட்டிமன்றத்தை இங்கே நடத்தப் போவதில்லை.

ஏழரை சதவீதம்

நான் சொல்ல வந்தது 2020ல் வந்த இன்னொரு சட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட்டிலும் தகுதி பெற்றவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 7.5 சதவீதம் உள்ஒதுக்கீடு. முதல் ஆண்டிலேயே 300க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது. கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022ல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது.

முன்பு நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? மாவட்டமும் கிராமமும் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அரசுப் பள்ளி நின்றது. 'எந்த ஊர்' என்பதைக் கேட்காத சட்டம், 'எந்தப் பள்ளி' என்பதைக் கேட்டுக்கொண்டது.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் எட்டாவது வரை இலவசமாகப் படித்துவிட்டு, மீதியை அரசுப் பள்ளியில் முடித்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேராது. நம் மாவட்டத்தின் பெருமைக்குரிய பழைய பள்ளிகளில் பல உதவி பெறும் பள்ளிகள் என்பதை நினைத்துப் பாருங்கள். அங்கே படிக்கும் கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இந்த வாசல் இல்லை. அந்தக் குறை தனியே பேச வேண்டியது.

தாயாருக்குச் சொன்ன பதில்

ஒரு வாரம் கழித்து அந்தத் தாயாரும் மகளும் வந்தார்கள். "அம்மா, பணத்தைப் பேங்கில போடுங்க. பிள்ளைய இப்ப இருக்கிற அரசுப் பள்ளியிலிருந்து எடுத்தீங்கன்னா, அவளுக்குத் திறந்திருக்கிற ஒரு கதவை நீங்களே காசு கொடுத்துச் சாத்தின மாதிரி ஆயிரும்" என்றேன். விவரத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளிறியது. "நல்லவேள சார், டி.சி. வாங்க எழுதிக் கொடுத்துட்டேன். நாளைக்குப் போயி வேண்டாம்னுட்டு வாரேன்."

"தாத்தா, அப்ப எனக்குச் சீட்டு நிச்சயமா?" என்றாள் பெண்.

"நிச்சயம் இல்லம்மா. வரிசை கொஞ்சம் சின்னதாகும், அவ்வளவுதான். வரிசையில உன்னை மாதிரி கெட்டிக்காரப் பிள்ளைங்க நிறைய நிப்பாங்க. நீட்டுக்கும் படிக்கணும். கிடைக்கலன்னா நர்சிங் இருக்கு, பார்மசி இருக்கு, விலங்கியல் இருக்கு. அதையும் இப்பவே தெரிஞ்சு வச்சுக்கோ."

அவள் தலையாட்டிவிட்டு, "விலங்கியல்னா நீங்க படிச்சதா?" என்றாள். ஆமாம் என்றேன். சற்று யோசித்துவிட்டு, "மொதல்ல நீட்டையே பாக்கேன் தாத்தா" என்றாள்!

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

நண்பர்களே, எழுபது ஆண்டில் அளவுகோல் எத்தனையோ முறை மாறிவிட்டது. பி.யு.சி. மார்க், நேர்முகம், பிளஸ் டூ, நுழைவுத் தேர்வு, மீண்டும் பிளஸ் டூ, நீட், ஏழரை. எந்த அளவுகோல் வந்தாலும் அது வந்த செய்தி கடைசியாகப் போய்ச் சேருவது மலையடிவாரத்துக்குத்தான். நான் தோற்றது 75 மார்க்கில் அல்ல, அந்த 75 மார்க் எதற்கு என்று தெரியாததில். நாளை விதி மறுபடி மாறலாம். விதியை நம்மால் மாற்ற முடியாமல் போகலாம். செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.

பயிற்சி மையம் நடத்தும் அளவுக்கு நம் சங்கத்துக்கு நிதி இல்லை. ஆனால் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை, மணிமுத்தாறு, சிங்கம்பட்டி, பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு நம்மில் இரண்டிரண்டு பேர் போய் உட்காரலாம். பிளஸ் டூ மாணவர்களிடம் அல்ல, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் பேச வேண்டும். பிளஸ் டூவில் சொன்னால் பரேடு முடிந்த பிறகு சொன்ன கதைதான். நம் சங்கத்தில் டாக்டர்கள் இருக்கிறார்கள், தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள், வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். இந்நாள் மாணவர்கள் கூட வந்தால் இன்னும் நல்லது. பிள்ளைகள் எங்களைவிட உங்கள் பேச்சைத்தான் கேட்பார்கள்.

முதல் சனிக்கிழமைக்கு நான் வருகிறேன். மணிமுத்தாற்றுப் பள்ளிக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். என் தந்தையார் கேட்ட கேள்வியை இன்னொரு தந்தையார் கேட்கக் கூடாது என்பதே என் ஆசை.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!